ஆலோசனைக்கு வரும் முன்: என் பின்னணி, என் நிலைப்பாடு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் உளவியல் ஆலோசனை அளித்துவருகிறேன். முதன்முறை தொலைபேசியில் அழைப்பவர்கள் நேரம் கேட்பதற்கு முன்பே வேறு சில கேள்விகளைக் கேட்கிறார்கள். சிலர் கேட்கத் தயங்கி வைத்துவிடுகிறார்கள். பட்டியல் சமூகத்தினர், திருநர், தன்பாலீர்ப்பு கொண்டோர், மாற்றுத்திறனாளிகள், முகாம்களில் வாழும் ஈழத்தமிழர் ஆகியோரிடமிருந்தே இத்தகைய கேள்விகள் பெரும்பாலும் வருகின்றன. மனத்தைத் திறந்து பேசப்போகும் இடம் எப்படிப்பட்டது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது அவர்களுடைய உரிமை. எனவே பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்? மருத்துவரா?

நான் மருத்துவர் அல்லள். மருந்து எழுதித் தர எனக்கு அதிகாரம் இல்லை. உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்று, அதன்பின் மருத்துவ உளவியலில் இரண்டாண்டு எம்.ஃபில். முடித்து, இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்துகொண்டவள். சொந்தமாக அறை அமைப்பதற்கு முன் மாவட்ட மனநலத் திட்டத்தில் பணியாற்றினேன். மருந்து தேவைப்படும் நிலையில் ஒருவர் இருப்பதாகத் தோன்றினால் மனநல மருத்துவரிடம் அனுப்பி, இருவருமாகச் சேர்ந்து கவனிப்போம்.

இந்தக் கேள்வியை யாரிடமும் தயங்காமல் கேளுங்கள். இந்தியாவில் 'மருத்துவ உளவியலாளர்' என்று தொழில் செய்ய 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு வேண்டும். ஆனால் 'கவுன்சலர்' என்ற பலகையை வாரக் கடைசிப் பயிற்சி முடித்தவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். நல்லெண்ணமும் சமூக அக்கறையும் பயிற்சிக்கு ஈடாகா. சமூகநீதி பேசும் ஆலோசகர் என்பதற்காக அவருடைய தகுதியைச் சரிபார்க்காமல் விட்டுவிட வேண்டாம். என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உங்கள் சாதி என்ன என்று கேட்கலாமா?

கேட்கலாம். தஞ்சை மாவட்டத்தில் நிலம் வைத்திருந்த ஓர் இடைநிலைச் சாதிக் குடும்பத்தில் பிறந்தேன். அப்பா பள்ளி ஆசிரியர். எங்கள் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் வந்தவர்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத் தெருவிலிருந்து வந்தார்கள். அவர்களுக்குக் கொல்லைப்புறத்தில்தான் சோறு போடப்பட்டது. என் படிப்புக்கான பணம் அந்த உழைப்பிலிருந்தும் வந்தது. எந்தத் தெரு என்று கேட்டு யாரும் எனக்கு வாடகை வீட்டை மறுத்ததில்லை. விடுதியில் என் பெயரைக் கேட்டு யாரும் சற்று நிறுத்தி மீண்டும் பார்த்ததில்லை.

இதைச் சொல்வதற்கான காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாதியால் அடிபட்ட ஒருவர், தன்னை அடித்த சாதியில் பிறந்தவரின் எதிரில் அமர்ந்து பேசும்போது, பாதி கவனம் அவருடைய முகத்தை அளப்பதிலேயே போய்விடும். அந்தச் சுமையை முதல் நாளே இறக்கிவைக்க வேண்டியது என் பொறுப்பு. இதைக் கேட்டபின், தம் சமூகத்தைச் சேர்ந்த ஆலோசகரிடமே செல்ல விரும்புகிறேன் என்று சிலர் சொல்வதுண்டு. அது முழுக்க நியாயமான விருப்பம். எனக்குத் தெரிந்த தகுதியான தலித் ஆலோசகர்களிடம் அனுப்பிவைக்கிறேன். அப்படிப்பட்டோர் எண்ணிக்கையில் மிகக் குறைவாக இருப்பதுதான் வேதனை.

உங்கள் சாதியை நான் கேட்பதில்லை. பதிவுப் படிவத்தில் அதற்கான கட்டம் இல்லை. தந்தை அல்லது கணவர் பெயருக்கான கட்டமும் இல்லை. அழைக்க விரும்பும் பெயரை எழுதினால் போதும். அது ஆதார் அட்டையில் உள்ள பெயராக இருக்க வேண்டியதில்லை.

ஆலோசகர் என்பவர் நடுநிலையாக இருக்க வேண்டாமா? 'சமூகநீதி' என்பது அரசியல் அல்லவா?

இந்தக் கேள்வியை அதிகம் எழுப்புவோர் உளவியல் படிக்கும் மாணவர்கள். உங்கள் வாழ்க்கையின் முடிவுகளில் நான் தலையிடக் கூடாது என்ற பொருளில் நடுநிலை கட்டாயம் வேண்டும். யாருக்கு வாக்களிப்பது, யாரை மணப்பது, வீட்டைவிட்டு வெளியேறுவதா இல்லையா என்பவற்றை முடிவு செய்வது நீங்கள்தான். ஆனால் ஒருவருக்கு நேர்ந்த அநீதியை அநீதி என்று சொல்லாமல் நழுவுவதை நடுநிலை என்று நான் ஏற்கவில்லை. அந்த மௌனத்தை எதிரில் இருப்பவர் உடனே புரிந்துகொள்கிறார். வெளியே பலமுறை பார்த்துப் பழகிய மௌனம் அது.

பலரிடம் கேட்டவற்றைச் சேர்த்து, எவரையும் அடையாளம் காண முடியாதபடி ஒன்றைச் சொல்கிறேன். குடும்பத்தில் முதன்முதலாகப் பொறியியல் படிக்க வந்த மாணவர் ஒருவர். தூக்கமில்லை, படபடப்பு, இதயத்துடிப்புப் பரிசோதனையில் குறை ஏதுமில்லை. தன்னம்பிக்கை போதவில்லை என்று சொல்லி மூச்சுப்பயிற்சி கற்றுக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாம் அமர்வில்தான் விவரம் வெளிவந்தது. விடுதி அறையில் முதலில் ஊரைக் கேட்டிருக்கிறார்கள், பிறகு தெருவை, பிறகு குலசாமியை. அவர் ஒவ்வொன்றுக்கும் சுற்றிவளைத்துப் பதில் சொல்லித் தப்பித்திருக்கிறார். அடுத்த வாரமே உதவித்தொகை பெறுவோர் பட்டியலைச் சாதிப் பிரிவோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து யாராவது பின்னாலிருந்து அவர் பெயரைச் சொல்லி அழைத்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

அந்த நெஞ்சு எச்சரிக்கை மணி அடிக்கிறது. ஆபத்து உண்மையாகவே இருக்கிறது. அப்படியிருக்க, 'நீங்கள் தேவையில்லாமல் பயப்படுகிறீர்கள்' என்று சொல்வது சிகிச்சையாகாது, பொய்யாகும். மூச்சுப்பயிற்சியை நாங்கள் கைவிடவில்லை, இரவில் தூங்க அது உதவியது. கூடவே, நடந்தது என்ன, அதில் அவருடைய குறை எது, பிறருடைய குற்றம் எது என்று பிரித்துப் பார்த்தோம். அவர் மூத்த மாணவர்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு கல்லூரி முதல்வருக்கு மனு கொடுத்தார், பட்டியல் எடுக்கப்பட்டது. அதற்கு முன்பே தூக்கம் திரும்பத் தொடங்கியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 'இது என்னுடைய குறை இல்லை' என்பது மனத்தில் உறைத்த நாள்தான் அவருக்குத் திருப்பம்.

இது நானாக வகுத்துக்கொண்ட வழியும் அல்ல. 1950களில் அல்ஜீரியாவின் பிளிடா மனநல மருத்துவமனையில் பணியாற்றிய ஃபிரான்ஸ் ஃபனோன், காலனிய ஆட்சியின் வன்முறையே தம் நோயாளிகளின் மனத்தைச் சிதைக்கிறது என்று கண்டு, 1956இல் பதவி விலகினார். எல் சால்வடோரில் ஒடுக்கப்பட்டோருக்கான உளவியலை வளர்த்தெடுத்த பேராசிரியரும் பாதிரியாருமான இக்னாசியோ மார்ட்டின்-பாரோ, 1989இல் ராணுவத்தால் கொல்லப்பட்டார். நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும் இதே திசையில்தான் நிற்கிறது. ஒருவருடைய சமூக, பொருளாதார, அரசியல் நிலையை வைத்தோ, ஊர் ஏற்றுக்கொண்ட ஒழுக்க, பண்பாட்டு மதிப்பீடுகளுக்கு அவர் உடன்படாததை வைத்தோ அவருக்கு மனநோய் இருப்பதாக முடிவு செய்யக் கூடாது என்று அதன் 3ஆம் பிரிவு சொல்கிறது. சாதி, மதம், பாலினம், பாலீர்ப்பு, வர்க்கம், மாற்றுத்திறன் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு இல்லாத சிகிச்சையை 18ஆம் பிரிவு உரிமையாக்குகிறது. ஆகவே சமூகநீதி இந்தத் தொழிலுக்கு வெளியிலிருந்து நான் கொண்டுவந்து சேர்த்தது அல்ல.

அப்படியானால் என் துன்பம் எல்லாவற்றுக்கும் சமூகம்தான் காரணம் என்பீர்களா?

இல்லை. இருதுருவ மனநிலைக் கோளாறும் மனச்சிதைவும் எல்லாச் சாதியிலும் எல்லா வர்க்கத்திலும் வருகின்றன. அவற்றுக்கு மருந்து வேண்டும். ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதாலேயே அவருடைய ஒவ்வொரு அழுகைக்கும் சாதியைக் காரணம் காட்டுவது அவரை மனிதராகப் பார்க்காத இன்னொரு வகை. காதல் முறிந்ததற்காகவும், தாயை இழந்ததற்காகவும், மேலதிகாரியின் மேல் உள்ள எரிச்சலுக்காகவும் அழ எல்லோருக்கும் உரிமை உண்டு. நீங்கள் எதைப் பேச வருகிறீர்களோ அதைத்தான் பேசுவோம்.

நான் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவன். நான் வரலாமா?

வரலாம், பலர் வருகிறார்கள். உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இந்த அறை திறந்திருக்கவில்லை. சாதிப் பெருமையைக் காப்பாற்றுவதற்காக அண்ணனின் கட்டளைப்படி காதலை விட்டுக்கொடுத்துவிட்டு, பத்தாண்டுகளாக உள்ளுக்குள் புழுங்குகிறவர்கள் ஆண்களிலும் பெண்களிலும் ஏராளம்.

பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன்பின் தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளையும் மோதிரங்களையும் பள்ளிகளில் தடை செய்யப் பரிந்துரைத்தது. வெட்டுப்பட்ட பிள்ளைக்கு ஆலோசனை வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். பதினேழு வயதில் அரிவாளைத் தூக்கும் அளவுக்கு வெறுப்பை ஊட்டி வளர்க்கப்பட்ட பிள்ளையின் மனமும் நம் கவனத்துக்குரியதே என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்கள் மகன் கையில் கயிறு கட்டத் தொடங்கியிருந்தால், அதை விளையாட்டு என்று விடாமல், அப்போதே அழைத்து வாருங்கள்.

என் மகளுக்குப் பெண்கள்மேல் ஈர்ப்பு என்கிறாள். ஆலோசனை கொடுத்து மாற்றிவிட முடியுமா?

முடியாது, நான் முயலவும் மாட்டேன். தன்பாலீர்ப்பு நோய் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே அதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2018இல் இதை வெளிப்படையாக அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 6 அன்று, வயது வந்தோர் இசைந்து கொள்ளும் தன்பாலுறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021 ஜூன் 7 தீர்ப்பைப் பெற்றோர்கள் அறிந்திருக்க வேண்டும். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்துவிட்ட இரு இளம்பெண்கள், பெற்றோர் கொடுத்த காவல்துறைப் புகார்களிலிருந்து பாதுகாப்புக் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அவர்களையும் பெற்றோரையும் ஆலோசனைக்கு அனுப்பியதோடு நிற்கவில்லை. இந்தப் பொருளில் தம் புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, தாமும் ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டபின் தீர்ப்பெழுதினார். பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் 'சிகிச்சை'களுக்குத் தடை விதித்து, அதில் ஈடுபடுவோரின் தொழில் உரிமத்தின்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையை மருத்துவர்களின் தொழில்முறைத் தவறாக அறிவித்தது.

பெற்றோராகிய உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஊர் என்ன சொல்லும், நாம் போனபின் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார், சொந்தபந்தத்தின் கல்யாண வீட்டில் எப்படித் தலைகாட்டுவது என்பவை எளிய கேள்விகள் அல்ல. அவற்றைப் பேச நீங்கள் தனியாக வாருங்கள். மகளை இழுத்துக்கொண்டு வர வேண்டாம். கோபத்தோடு வந்த தகப்பன், 'அவள் சாப்பிட்டாளா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்' என்று முடித்த நாட்கள் உண்டு.

நான் திருநங்கை. மருத்துவமனையில் பட்ட அவமானத்துக்குப் பிறகு எங்கும் போகப் பிடிக்கவில்லை. உங்கள் இடத்தை எப்படி நம்புவது?

உடனே நம்ப வேண்டாம், வந்து பாருங்கள். காத்திருக்கும் அறையில் பெயர் சொல்லி உரக்க அழைக்க மாட்டோம். கழிப்பறை ஒன்றே, எல்லோருக்கும் பொது. தண்ணீர் ஒரே பானையிலிருந்து, ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளரில். ஊர்த் தேநீர்க்கடைகளில் இரட்டைக் குவளையைக் கண்டு வளர்ந்தவர்கள் அந்த டம்ளரைக் கவனிக்கிறார்கள் என்பதை இந்த வேலையில்தான் தெரிந்துகொண்டேன். தூய்மைப் பணியாளர்கள் சிலர் முதல் நாள் செருப்பைத் தெருவாசலிலேயே கழற்றிவிட்டு, உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டே இருப்பார்கள். செருப்போடு உள்ளே வரலாம். உங்கள் நாற்காலியும் என் நாற்காலியும் ஒரே உயரம்.

உடல் மாற்றத்துக்கான சிகிச்சை பற்றி யோசிப்பவர்களிடம், 'உண்மையிலேயே பெண்தானா' என்று சோதிக்கும் கேள்விகளை நான் கேட்பதில்லை. தமிழ்நாடு 2008இலேயே திருநங்கைகள் நல வாரியத்தை அமைத்த மாநிலம். தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை 2014இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வாசலில் நின்று அடையாளத்தைப் பரிசோதிப்பது என் வேலையில்லை.

முகாமில் இருக்கிறோம். எங்கள் கதை உங்களுக்குப் புரியுமா?

திருச்சியிலேயே கொட்டப்பட்டிலும் வாழவந்தான்கோட்டையிலும் ஈழத்தமிழர் முகாம்கள் உள்ளன. 2021இல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். 1983க்குப் பின் படகேறி வந்தவர்களின் துயரம் வேறு. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இன்னும் குடியுரிமை இல்லாமல் இருக்கும் அவர்கள் பிள்ளைகளின் துயரம் வேறு. தாத்தா கண்ட குண்டுவீச்சைப் பேரன் காணவில்லை. ஆனால் நேர்காணலில் 'குடியுரிமை' என்ற கட்டத்தில் பேனா நிற்கும் அந்தக் கணத்தை அவன் ஒவ்வொரு முறையும் காண்கிறான். போரை நான் அனுபவித்தவள் அல்லள். ஆகவே புரியும் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்க மாட்டேன். உங்கள் பேச்சுவழக்கைத் திருத்தாமல், அவசரப்படுத்தாமல் கேட்பேன். முகாமில் கையெழுத்துப் போடும் நாளாக இருந்தால் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

குணசீலத்துக்கும் ஏர்வாடிக்கும் போய்க்கொண்டிருக்கிறோம். அதை நிறுத்தச் சொல்வீர்களா?

சொல்ல மாட்டேன். குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள் தங்கி, வேளைக்கு உண்டு, வேளைக்கு வழிபட்டு, கூட்டத்தோடு இருந்ததில் நிம்மதி கண்டவர்களை நானறிவேன். ஏர்வாடி தர்காவில் பிரார்த்தனையும் அரசு மனநல மருத்துவரின் மருந்தும் ஒரே இடத்தில் கிடைக்க வழி செய்யப்பட்டுள்ளது. நம்பிக்கையை இழிவாகப் பேசி மருந்தைக் கொடுத்தால், மருந்தும் சேர்ந்தே குப்பைக்குப் போகும்.

ஆனால் சங்கிலி கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் வைத்துப் பார்க்க வசதியில்லாத ஏழைக் குடும்பங்களால் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். மனநோயுள்ளவரைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் எந்த வடிவிலும் தடை செய்கிறது. எந்தக் கோயில், எந்தத் தர்கா, எந்த இல்லமாக இருந்தாலும் கட்டிவைக்கச் சொன்னால் அங்கிருந்து அழைத்து வந்துவிடுங்கள்.

நான் சொல்வது வெளியே போகுமா?

போகாது. உங்களை அனுப்பிவைத்த தொண்டு நிறுவனம், கல்லூரி, அலுவலகம், கணவர், அம்மா எவரிடமும் நீங்கள் வந்தீர்களா என்பதைக்கூடச் சொல்ல மாட்டேன். விதிவிலக்குகள் உண்டு; அவற்றை முதல் அமர்விலேயே சொல்லிவிடுவேன். உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து இருந்தால் தேவையானவரிடம் தேவையான அளவு மட்டும் சொல்வேன். 18 வயதுக்குட்பட்ட குழந்தைமீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறையிடம் தெரிவிப்பது என் கடமை. நீதிமன்ற ஆணை வந்தாலும் பதில் சொல்லியாக வேண்டும். நான் எழுதிவைக்கும் குறிப்புகளை நீங்கள் கேட்டால் காட்டுவேன்.

வன்கொடுமைப் புகார் கொடுக்க உதவுவீர்களா?

நான் வழக்கறிஞர் இல்லை. புகார் கொடுப்பதா, வேண்டாமா என்று தீர்மானிக்க ஆற அமரப் பேசுவதற்கு இடம் தருவேன். கொடுத்தபின் வரும் மிரட்டலையும், சொந்தக்காரர்களே 'சமாதானமாகப் போ' என்று சொல்லும்போது ஏற்படும் தனிமையையும் தாங்க உடனிருப்பேன். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. அதற்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். சேர்ந்து எழுத வேண்டுமானால் மனு எழுதவும் உதவுவேன்.

கட்டணம் எவ்வளவு?

முடிந்தவர் முழுக் கட்டணம் தருகிறார். முடியாதவர் தம்மால் இயன்றதைத் தருகிறார். வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. தன் வறுமையைக் காகிதத்தில் நிரூபித்துத்தான் உள்ளே வர வேண்டும் என்றால் பலர் வாசலோடு திரும்பிவிடுவார்கள். அன்றாடக் கூலியில் வாழ்பவருக்கு ஒரு மணி நேர ஆலோசனை என்பது அரைநாள் சம்பளமும் பேருந்துக் காசும் சேர்ந்த செலவு. எனவே ஞாயிறு காலையும் வேலை நாட்களில் இரவு எட்டு மணி வரையும் திறந்திருக்கிறோம். அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் சிகிச்சையும் மருந்தும் இலவசம். தனியாரிடம் வருவதுதான் உயர்ந்தது என்று எண்ண வேண்டாம்.

இரவில் சாக வேண்டும் போல் இருக்கிறது. யாரிடம் பேசுவது?

14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை அது. இரவும் பகலும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் உதவி கிடைக்கும். தற்கொலைக்கு முயன்றால் வழக்குப் போட்டுவிடுவார்கள் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, தண்டிக்காமல் சிகிச்சை தர வேண்டும் என்று மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது.

உங்கள்மீதே புகார் இருந்தால்?

முதலில் என்னிடமே சொல்லலாம். சொல்ல விருப்பமில்லையென்றால் சொல்லாமலே நிறுத்திக்கொள்ளலாம், காரணம் கேட்டு அழைக்க மாட்டேன். நான் சாதியையோ பாலினத்தையோ வைத்து உங்களை இழிவுபடுத்தியதாகவோ, ரகசியத்தை மீறியதாகவோ கருதினால், மாநில மனநல ஆணையத்திலும் இந்திய மறுவாழ்வுக் கழகத்திலும் முறையிடலாம். என் பதிவு எண் அறையின் வாசலிலும் ரசீதிலும் அச்சிடப்பட்டுள்ளது. முறையீடு எழுத உதவி வேண்டுமென்றால், என்னோடு தொடர்பில்லாத வேறோர் ஆலோசகரின் எண்ணை வரவேற்பறையில் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.